பாட்டுக்குள் கரைந்த தொப்பை

பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலை 22-இல் அமேசான் பிரைமில் வந்தது. வடசென்னைக் குத்துச்சண்டையை, நெருக்கடி நிலைக் காலத்தோடு சேர்த்து இத்தனை உயிரோடு காட்டிய வேறு படம் நான் கண்டதில்லை. ஆனாலும் ஒரு குறை சொல்லியே ஆகணும்.

சாராயத்தில் விழுந்து தொப்பை போட்ட கபிலனை, பீடி ராயப்பன் கடற்கரையில் வைத்துப் பழக்குகிறார். 'நீயே ஒளி' பாட்டு முடிவதற்குள் தொப்பை மாயம்! மனம் திருந்தினால் உடம்பு தானே பின்னால் வந்துவிடுமாம்.

வருமா? படம் வந்த ஏழாம் நாள், டோக்கியோவில் மேரி கோம் 2-3 என்று கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவிடம் தோற்றார். வயது 38. மனவுறுதிக்கு அவரிடம் என்ன பஞ்சம்? 2018-இல் போலந்தில், எடை பார்க்க நாலு மணி நேரமே இருக்க, இரண்டு கிலோ கூடுதல். ஒரு மணி நேரம் விடாமல் கயிறு தாண்டி 48 கிலோப் பிரிவுக்கு இறங்கினார், தங்கமும் வென்றார். அவசரத்தில் அப்படிக் குறைவது பெரும்பாலும் கொழுப்பல்ல, வியர்வை. நம் மட்டாஞ்சேரி மிளகு வியாபாரிகளுக்குச் சொல்லவே வேண்டாம், காயப்போட்டால் போவது நீர்தான். மிளகு காய்ந்தால் விலை ஏறும். ஆள் காய்ந்தால் அடி தாங்காது. எங்கள் சமண நோன்பிலும் ஊணைக் குறைப்பது தவமே. ஆனால் நோற்பவர் மறுநாள் குத்து வாங்கப் போவதில்லையே!

பசியோடு சோற்றுத் தட்டைத் தள்ளிவைக்கும் கபிலனை, படியேற மூச்சு வாங்கும் கபிலனை நாலு நிமிடம் காட்டியிருந்தால், வேம்புலியோடு அவன் மோதும் கடைசிச் சுற்றுகளில் எனக்குக் கொஞ்சம் பயமாவது இருந்திருக்கும்.