சமயக்கணக்கரும் சபை முறையும்

1893-ஆம் ஆண்டு சிக்காகோவிற் கூடிய சர்வசமயப் பேரவையை உலகிற்குப் புதியதென்பார் பலர். தமிழர்க்கு அது புதிதன்று. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரத்துச் சமயக்கணக்கர் பலர் தத்தம் கொள்கையை மணிமேகலைக்கு உரைக்கின்றனர். ஆயினும், ஆண்டுச் சைவவாதி பெற்ற அடிகள் மிகச் சில. ஆசீவகன் கூற்றோ நெடிது செல்கின்றது. பௌத்தச் சார்புடைய காவியத்திற்கு அது பொருந்தலாம், சபைக்கு அளவுகோலாகாது.

அருணந்தி சிவாசாரியர் முறை வேறு. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் மதங்களையும், ஒவ்வொன்றாக முன்னர் அநுவதித்துப் பின்னரே மறுத்தார். பொருநைக்கரை விக்கிரமசிங்கபுரத்திற் றோன்றிய சிவஞான முனிவரும் மாபாடியத்திற் பிறர் கோளை வகுத்துக் காட்டியே கடிகின்றார்.

இக்காலச் சர்வசமய மாநாடுகளிற் பேசுவோரிற் பலர் தம்மதம் புகழ்ந்து அமர்கின்றனர். சிலர் எல்லாம் ஒன்றேயென்று எளிதில் முடிக்கின்றனர். இருதிறத்தாரும் பிறர் நூலைக் கற்றிலர். நவதிருப்பதியும், பாளையங்கோட்டைத் தேவாலயங்களும், மேலப்பாளையத்துப் பள்ளிவாசல்களும் நம் சிவாலயங்களோடு ஒரே ஆற்றுநீரால் வாழும் இந்நாட்டில் இக்குறை பெரிதாம்.

ஆதலின், மேடையேறும் சைவ இளைஞர்காள்! பிறன் கொள்கையை அவனே "ஆம், இதுவே யாம் கூறுவது" என்று உடன்படுமாறு முன்னர் எடுத்துரைமின். பின்னர்ச் சித்தாந்தம் பேசுமின். அங்ஙனம் உரைக்க இயலாதவன் மறுத்தற்கும் உரியனல்லன், ஒன்றென்றற்கும் உரியனல்லன்.