மகுடத் தமனியை நசுக்குவது எது?

இதயத் தசைக்கு இரத்தம் அளிக்கும் குழாய்களுக்கு மகுடத் தமனிகள் என்று பெயர். இதயத்திலிருந்து பெருந்தமனி புறப்படும் இடத்தில் மூன்று புடைப்புகள் உள்ளன. இடப் புடைப்பிலிருந்து இட மகுடத் தமனியும், வலப் புடைப்பிலிருந்து வல மகுடத் தமனியும் கிளைப்பது இயல்பு. மிகச் சிலருக்கு இவ்வமைப்பு பிறவியிலேயே மாறியிருக்கும். இட மகுடத் தமனி வலப் புடைப்பில் தோன்றி, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே புகுந்து இடப்பக்கம் செல்லும். பல ஆண்டுகள் தொல்லை ஏதும் தராமல் இருந்துவிட்டு, கடும் உழைப்பின்போது திடீர் மரணத்தை விளைவிக்கக்கூடிய அமைப்பு இது.

அமெரிக்கப் படைகளில் 1977 முதல் 2001 வரை அடிப்படைப் பயிற்சிக்குச் சேர்ந்த 63 இலட்சம் பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று உண்டு. காயம் எதுவுமின்றித் திடீரென இறந்தோர் 126 பேர். அவர்களுள் 64 பேரின் இதயத்தில் தெளிவான குறை காணப்பட்டது. அந்த 64 பேரில் 21 பேருக்கு இருந்தது மேலே கூறிய அமைப்பே.

இம்மரணத்திற்குக் காரணம் என்ன? உழைப்பின்போது இரு பெருங்குழாய்களும் விரிகின்றன. நடுவில் அகப்பட்ட மகுடத் தமனி பாக்குவெட்டியில் சிக்கிய பாக்குப்போல் நசுங்குகிறது என்று பல கட்டுரைகள் கூறுகின்றன. படம் எளிதில் மனத்தில் பதிகிறது. ஆனால் அது சரியா? மருத்துவம் எனது துறையன்று. எனினும், அழுத்தம் இயற்பியலுக்கு உரியது. அந்த அளவில் இவ்விளக்கத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

மென்மையான குழாய் ஒன்றை வெளியிலிருந்து நசுக்க வேண்டுமானால், வெளியழுத்தம் உள்ளழுத்தத்தை மிஞ்ச வேண்டும். நன்றாகக் காற்றேற்றிய சைக்கிள் டியூபையும் அரைகுறையாகக் காற்றேற்றிய டியூபையும் ஒன்றோடொன்று அழுத்திப் பாருங்கள். குழிவது அரைகுறை டியூபே. மகுடத் தமனி பெருந்தமனியின் கிளையாதலால், அதன் தொடக்கத்தில் ஏறத்தாழப் பெருந்தமனியின் அழுத்தமே நிலவும். ஓய்வு நிலையில் அது 120க்கும் 80க்கும் இடைப்பட்ட மி.மீ. பாதரசம். நுரையீரல் தமனியின் உச்ச அழுத்தமோ சுமார் 25 மி.மீ. மட்டுமே. உழைப்பில் அது இரு மடங்கானாலும் 50 மி.மீ. தான். எண்பதை ஐம்பது எப்படி நசுக்கும்? பாக்குவெட்டியின் ஓர் அலகு மெழுகால் ஆனது என்றே சொல்ல வேண்டும்.

அப்படியானால் தவறு எங்கே நிகழ்கிறது? இத்தகைய தமனி பெரும்பாலும் தொடக்கத்தில் சிறிது தூரம் பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அதன் வாயும் வட்டமாக இராமல் கீற்றுப்போல் ஒடுங்கியிருக்கும். சட்டையின் காஜாவை அதன் நீளவாக்கில் இழுத்தால் இரு உதடுகளும் ஒட்டிக்கொள்கின்றன அல்லவா? பெருந்தமனி விரிந்து அதன் சுவர் இழுபடும்போது இந்தக் கீற்று வாய்க்கும் அதுவே நேர்கிறது. சுவருக்குள் ஓடும் பகுதியும் தட்டையாகிறது. சீராகப் பாயும் திரவத்திற்கான பாய்செய் விதிப்படி, குழாயின் ஆரம் பாதியானால் பாய்ச்சல் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். இதயத் தசைக்கு மிகுதியான இரத்தம் தேவைப்படும் நேரத்தில் வழி இவ்வாறு ஒடுங்குகிறது.

இக்கருத்து புதியதன்று. மெல்வின் செயிட்லினும் உடன் ஆய்வாளர்களும் 1974ஆம் ஆண்டிலேயே கீற்று வாயைச் சுட்டிக்காட்டினர். பின்னர், ஹூஸ்டன் நகரில் பாவ்லோ ஆஞ்செலினி, மெல்லிய குழாயின் நுனியில் பொருத்திய மீயொலிக் கருவியைத் தமனிக்குள் செலுத்தி, சுவருக்குள் ஓடும் பகுதி தட்டையாவதைக் கண்டார். அதன் பிறகும் பழைய படம் மறையவில்லை. இரு குழாய்களுக்கு இடைப்பட்ட பாதை ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம். அடையாளத்தையே காரணமாகக் கொள்வதுதான் பிழை.

இது வெறும் சொல்வாதமன்று. நுரையீரல் தமனிதான் குற்றவாளி என்றால் அதை நகர்த்தி வைத்தால் போதும். குறை பெருந்தமனியின் சுவரில் என்றால், அறுவை மருத்துவர் சுவருக்குள் ஓடும் பகுதியைத் திறந்து வாயை அகலமாக்க வேண்டும். பிழையான விளக்கம் கத்தியைப் பிழையான இடத்திற்கு அழைத்துச் செல்லக்கூடும்.

மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இக்குறையால் இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் இறப்பதற்கு முன் இதய மின்வரைபடம் எடுக்கப்பட்டிருந்த ஒன்பது பேருக்கும் அது இயல்பாகவே இருந்தது. ஆகவே, ஓடும்போதோ விளையாடும்போதோ ஒருவர் மயங்கி விழுந்தால், மின்வரைபடம் சரியாக உள்ளது என்று நிறுத்திவிடலாகாது. மகுடத் தமனிகள் எங்கிருந்து கிளைக்கின்றன என்பதை எக்கோ அல்லது சி.டி. ஸ்கேன் மூலம் பார்க்குமாறு மருத்துவரைக் கேட்பது நல்லது.