விரியும் கொடுக்கு, நீளாத கை

சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பத்து மணலில், காலையில் வலையிலிருந்து நண்டு பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். நூலில் சிக்கிய நண்டைப் பின்பக்கமாகப் பிடித்து எடுக்கிறார் ஓர் அம்மா. அதன் கொடுக்கு விரிகிறது, கை நீளவில்லை. அடுத்த நண்டு கையை நீட்டித் துழாவுகிறது, கொடுக்கு மூடியபடியே. இந்த இரண்டையும் ஒரு நண்டு தனித்தனியே செய்ய முடிகிறதே, அதுதான் அதிசயம்.

ஏனென்றால், கொடுக்கை விரிக்கும் தசைக்கும் கையை நீட்டும் தசைக்கும் தூண்டுதல் கொண்டுவரும் நரம்பிழை ஒன்றே ஒன்று. அது துடித்தால் இரண்டும் சேர்ந்தே இழுக்க வேண்டும். பிரித்து வைப்பவை ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியே வந்து சேரும் தடுப்பு நரம்புகள். நம் கைகால் தசைகளுக்கு இப்படி நேராகத் தடுப்பு நரம்பு வருவதில்லை. அந்த வேலை மூளைக்குள்ளும் முதுகுத்தண்டுக்குள்ளுமே முடிந்துவிடுகிறது.

சிங்கி இறாலின் நரம்புகளை ஒவ்வோர் இழையாகப் பிரித்தெடுத்து, 1963இல் ஹார்வர்டில் கிராவிட்ஸ், குஃப்லர், பாட்டர் மூவரும் அளந்து பார்த்தார்கள். தடுப்பு இழையில் காபா என்ற சின்ன அமினோ அமிலம், தூண்டும் இழையில் இருப்பதைப்போல நூறு மடங்கு அளவில் நிறைந்திருந்தது. எவ்வளவு பொறுமையான கைகள்!

காபா போய்ச் சேரும் இடத்தில், சவ்வுக்குள் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நிற்கின்றன. நடுவே ஒரு துளை. காபா ஒட்டியதும் அது திறக்க, சமையல் உப்பின் மறுபாதியான குளோரைடு அதன் வழியே போகிறது. நயம் இனிமேல்தான். நம் மூளையின் நரம்பணுவை எடுத்துக்கொள்வோம். வெளியே குளோரைடு, உள்ளே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அந்த நெரிசல் உள்ளே தள்ளுகிறது. ஆனால் அணுவின் உட்புறம் வெளியைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கிறது. எதிர்மின் அயனியான குளோரைடை அது விரட்டுகிறது. இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆகவே ஓய்ந்திருக்கும் அணுவில் கதவு திறந்தாலும் ஏதும் நடந்ததாகவே தெரியாது. சோடியம் புகுந்து மின்னழுத்தத்தை மேலே தூக்கப் பார்க்கும் அந்தக் கணத்தில்தான் குளோரைடு உள்ளே பாய்ந்து அதைப் பழைய இடத்துக்கு இறக்குகிறது. உட்கார்ந்திருப்பவரை அது அமுக்குவதில்லை. எழப் பார்ப்பவரை மட்டும் தோளில் கைவைத்து உட்கார வைக்கிறது.

குப்பத்துக்குச் சற்று வடக்கே அடையாறு முகத்துவாரம். ஓதம் ஏறினால் கடல் ஆற்றுக்குள் வரும். மழைவெள்ளம் பெருகினால் ஆறு கடலுக்குள் போகும். வாய் ஒன்றுதான், திசையைச் சொல்வது நீர்மட்டம். குளோரைடின் வாசலும் இப்படித்தான். பிறந்த எலிக்குட்டியின் மூளையணுக்களில் குளோரைடு உள்ளே மிகுதி. அதே காபா, அதே கதவு. ஆனால் குளோரைடு வெளியேறுகிறது, அணு கிளர்கிறது. நாட்கள் செல்லச் செல்ல, கேசிசி2 என்ற புரதம் பெருகிக் குளோரைடை வெளியே இறைக்கிறது. இந்தப் புரதத்தின் பங்கை 1999இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. கதவு இருந்தபடியே இருக்க, கிளர்த்தியது தடுப்பதாக மாறிவிடுகிறது!

குளங்குட்டைகளில் மீனை மயக்கக் காக்காய்க்கொல்லி விதையை இடித்துப் போடும் வழக்கம் உண்டு. அதிலுள்ள பிக்ரோடாக்சின் அடைப்பது இந்தத் துளையைத்தான். தடுப்பை இழந்த மூளை வலிப்பில் துடிக்கும்.

அந்த அம்மா இன்னொரு நண்டைப் பிரித்தெடுக்கிறார். கொடுக்கு அகல விரிகிறது. கை மடங்கியே இருக்கிறது. நீட்டும் தசையில் கதவுகள் திறந்திருக்கின்றன.