உல்லாசக் கப்பலில் அமைதி தேடிய இருவர்
— ஒரு திறனாய்வு —

கடற்பயணம் பற்றிய எழுத்தை இருவகையாகப் பகுக்கலாம். போய்ச் சேரவேண்டிய கரைக்காகக் கப்பலேறியவர் எழுதியது ஒருவகை. கப்பலில் இருப்பதற்காகவே கப்பலேறியவர் எழுதியது மற்றொரு வகை. முன்னதற்கு நெடிய வரலாறு உண்டு. வணிகரும், சமயத் தூதரும், பிழைப்புத் தேடிப் புறப்பட்டோரும் அதனை வளர்த்தனர். பின்னது, ஓய்வும் கேளிக்கையுமே பயணத்தின் நோக்கமாகிவிட்ட பிற்காலத்தில் தோன்றியது.

இவ்விரண்டாம் வகை எழுத்தின் அடித்தளத்தில் ஒரு முரண்பாடு கிடக்கிறது. பயணி தேடிச் செல்வது அமைதி. அவனுக்குக் கிடைப்பதோ திரள். கடலின் விரிவை விளம்பரப் படத்தில் கண்டு கட்டணம் செலுத்தியவன், உணவுக்கூடத்து வரிசையிலும் மின்தூக்கியின் முன்னும் காத்து நிற்கிறான். 2024ஆம் ஆண்டு சனவரியில் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் கப்பல் 20 தளங்களை உடையது; ஏறத்தாழ 7,600 பயணிகளை ஏற்றவல்லது. ஓர் ஊரையே மிதக்கும் கட்டடம் ஒன்றினுள் வைத்தால், அங்கு இரைச்சல் எழாதிருக்க வழியில்லை.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. சிங்கப்பூரின் மரினா பேயில் 2012இல் உல்லாசக் கப்பல்களுக்கெனத் தனி முனையம் திறக்கப்பட்டது. கிள்ளான் துறைமுகத்திற்கும் பினாங்கிற்கும் இத்தகைய கப்பல்கள் வந்து செல்கின்றன. பள்ளி விடுமுறையில் ஆசிரியர் குடும்பங்களும் மாணவர்களும் இவற்றில் செல்வது இன்று புதுமையன்று. திரும்பி வந்த மாணவன் எழுதும் பயணக் கட்டுரையோ, பெரும்பாலும் கண்ட காட்சிகளின் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. கூட்டத்தின் நடுவே அவன் உள்ளம் என்ன பட்டது என்பது அதில் இடம்பெறுவதில்லை. ஆதலின், இதே இக்கட்டை எதிர்கொண்ட அமெரிக்க எழுத்தாளர் இருவரின் படைப்புகளை ஒப்புநோக்குவது மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் பயன் தரும்.

கையேடுகள் காட்டும் வழி

இலக்கியத்திற்குள் புகுமுன், பயணக் கையேடுகள் கூறுவதைக் கருதவேண்டும். அவற்றின் அறிவுரை பெரும்பாலும் பயனுடையதே. மேலும் கீழும் பயணியர் அறைகளே உள்ள தளத்தில் அறை பெறுக. அரங்கம், சமையற்கூடம், மின்தூக்கி ஆகியவற்றுக்கு அருகில் பெறற்க. கப்பலின் முன்முனையில் படுத்திருப்போர், அது விடியற்காலையில் துறையணையும்போது உந்துபொறிகளின் அதிர்வால் விழித்துக்கொள்வர். ஏனையோர் எழுமுன் காலையுணவை முடித்துக்கொள்க. பிறர் கரையிறங்கும் நாளில் கப்பலிலேயே தங்குக. அன்று நீச்சற்குளமும் மேல்தளமும் வெறிச்சோடிக் கிடக்கும். பள்ளி விடுமுறைக் காலத்தைத் தவிர்க்க. இவையெல்லாம் பட்டறிவின் விளைவுகள்.

ஆயினும் இவ்வறிவுரைகளுக்குள் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. பிறர் செய்யாதவரையில்தான் இவை பலிக்கும். கையேட்டைப் படித்த அனைவரும் விடியலில் உணவுக்கூடத்திற்குச் சென்றால், கூட்டமும் விடியலுக்கே இடம்பெயரும். சில கப்பல்களில் தனிக் கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் அமைதியான தளப்பகுதி ஒதுக்கப்படுகிறது. அங்கே அமைதி ஒரு விற்பனைப் பொருள். கட்டணம் செலுத்த இயலாதவன், பிறர் விட்டுச்சென்ற இரைச்சலையும் சேர்த்துச் சுமக்கிறான். கூட்டத்தை விலக்கக் கற்பிக்கும் கையேடு, கூட்டத்தில் வாழக் கற்பிப்பதில்லை. அவ்விடத்தை நிரப்ப முயல்வது இலக்கியம்.

கூட்டத்தைக் கூர்ந்து நோக்கியவர்

1867ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ‘குவேக்கர் சிட்டி’ என்னும் நீராவிக் கப்பல் நியூயார்க்கினின்று புறப்பட்டது. ஐரோப்பாவையும் புனித நாட்டையும் கண்டுவர ஏற்பாடு செய்யப்பட்ட இன்பப் பயணம் அது. கலிபோர்னிய நாளிதழ் ஒன்றின் செய்தியாளராக மார்க் துவைன் அதில் சென்றார். ஐந்து திங்களுக்கு மேல் நீண்ட அப்பயணத்தின் விளைவே 1869இல் வெளிவந்த ‘தி இன்னசன்ட்ஸ் அப்ராட்’ என்னும் நூல்.

இன்றைய கப்பல்களோடு ஒப்பிட, அக்கப்பலில் இருந்தோர் மிகச் சிலரே. எனினும் சிறிய கப்பலில் சிலர் கூடப் பெருங்கூட்டமாவர்; ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதே காரணம். எல்லாம் அறிந்தவர்போல் ஓயாது பேசும் முதியவர் ஒருவர், கேட்க விரும்பாதோர்க்கும் தம் செய்யுளை வழங்கும் ‘கவிஞர்’ ஒருவர், வினா மேல் வினா தொடுக்கும் இளைஞர் ஒருவர் எனப் பலர் அந்நூலில் உலவுகின்றனர். மூச்சுத் திணறும் இசைக்கருவி ஒன்று ஒலிக்க, ஆடும் தளத்தின்மீது ஆடவரும் பெண்டிரும் நடனமாட முயன்று, கப்பல் சாயுந்தோறும் ஒரே பக்கமாகச் சரிந்தோடும் காட்சி, இரைச்சலை நகையாக மாற்றும் கலைக்குச் சான்று.

ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தக்க பகுதி மற்றொன்றுண்டு. பயணத்தின் தொடக்கத்தில் பலரும் இரவுதோறும் விளக்கடியில் அமர்ந்து ஊக்கத்தோடு நாட்குறிப்பு எழுதுகின்றனர். நாட்கள் செல்லச் செல்ல அவ்வூக்கம் தேய்கிறது. பயணம் முடியும்வரை எழுதுவோர் மிகச் சிலரே எனத் துவைன் நகையாடுகிறார். நாள்தோறும் நடந்ததை அடுக்குவது எழுத்தாகாது. தேர்ந்து எடுப்பதே எழுத்து என்னும் பாடம் அந்நகைச்சுவைக்குள் அடங்கியிருக்கிறது.

துவைன் கைக்கொண்ட வழி, கூட்டத்தை விட்டு ஓடாமல் அதனை உற்றுநோக்குவது. தொல்லை தந்தவர் பாத்திரமாகின்றனர். ஊர் திரும்பியவுடன் உடன்பயணிகளின் சோர்ந்த முதுமையைக் கடுமையாக எள்ளி நாளிதழ் ஒன்றில் எழுதினார். ஆனால் ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின் எழுதிய நூலின் முடிவுரையில், கசப்பான நினைவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன என்றும், அதே கப்பலில் அதே மனிதரோடு மீண்டும் செல்ல மனம் இசைகிறது என்றும் கூறுகிறார். இரைச்சலைத் தணித்தது இடமன்று, காலம். இக்கருத்து எந்தக் கையேட்டிலும் காண்பதற்கரியது.

அறைக்குள் அடைந்தவர்

துவைனுக்கு ஏறத்தாழ நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1995ஆம் ஆண்டு மார்ச்சில், டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் என்னும் எழுத்தாளர் ‘செனித்’ என்னும் கப்பலில் கரீபியக் கடலில் ஏழு இரவுகள் பயணம் செய்தார். ‘ஹார்ப்பர்ஸ்’ இதழ் அவரை அனுப்பியது. 1996 சனவரியில் வெளிவந்த அக்கட்டுரை, 1997இல் விரிந்த வடிவில் அவருடைய கட்டுரைத் தொகுப்பின் தலைப்புப் படைப்பாயிற்று. வானின் உச்சியைக் குறிக்கும் அக்கப்பலின் பெயரை மாற்றி, அதற்கு நேர் எதிரான அடிப்புள்ளியைக் குறிக்கும் ‘நாடிர்’ என்னும் பெயரை அவர் சூட்டியதிலேயே கட்டுரையின் போக்குப் புலப்படும்.

வாலஸ் கையாண்ட வழி துவைனின் வழிக்கு மாறானது. திறந்த வெளியையும் திரளையும் அஞ்சும் இயல்புடையவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளும் அவர், தம் அறையைப் பெரிதும் நாடுகிறார். அங்கும் அமைதி வாய்க்கவில்லை. காற்றழுத்தத்தால் இயங்கும் கழிவறையின் பேரொலி அவரை அச்சுறுத்துகிறது. அவர் வெளியேறும் நேரத்தைக் கணித்து, கண்ணிற்படாமலே அறையைத் துப்புரவாக்கிச் செல்லும் பணியாளரின் திறன் அவருக்கு வியப்பையும் கலக்கத்தையும் தருகிறது. அருகில் வந்து நின்ற மற்றொரு கப்பல் தம் கப்பலினும் வெண்மையாகத் தோன்றவே, அதன்மீது பொறாமை எழுகிறது. எல்லாம் கிடைத்த இடத்தில் குறைகாணும் மனம் மேலும் கூர்மையடைகிறது என்பதே அவர் காட்டும் உண்மை. வெளியிரைச்சல் அடங்கியபின் எழும் உள்ளிரைச்சல் அது.

அவருடைய நடையும் இதற்கு இயைந்தது. அடிக்குறிப்புகள் பக்கந்தோறும் நெருக்கியடித்து நிற்கின்றன. சில குறிப்புகள் தனிக் கட்டுரை அளவு நீள்கின்றன. படிப்பவர் மூச்சுமுட்டும் இடங்களும் உண்டு. இதனைக் குறையெனக் கொள்வோர் இருக்கலாம். ஆயினும், ஓய்வெடுக்க இயலாத மனத்தின் வடிவம் அதுவே என்று கொள்ளுதல் பொருந்தும்.

ஒப்பும் உறழ்வும்

துவைன் கூட்டத்தினுள் நின்றார். வாலஸ் விலகி நின்றார். முன்னவர் நூலில் மனிதர் பலர் உயிர்பெறுகின்றனர். பின்னவர் கட்டுரையில் ஒரு மனம் முழுமையாகத் திறந்து காட்டப்படுகிறது. உணவு மேசையில் உடனமர்ந்தோர் சிலரை வாலஸ் அன்போடு வரைந்தாலும், ஆண்டெல்லாம் உழைத்துச் சேமித்து அவ்வேழு நாட்களை உண்மையாகவே துய்த்த எளிய பயணியின் மகிழ்ச்சிக்கு அவர் போதிய இடம் தரவில்லை. இது அப்படைப்பின் குறை.

எனினும் ஓரிடத்தில் வாலஸ் துவைனை விஞ்சுகிறார். தம் பெட்டியைத் தாமே சுமக்க முற்பட்டதால், அதனைச் சுமக்கவேண்டிய தொழிலாளி மேலாளரின் கண்டனத்திற்கு ஆளான நிகழ்ச்சியை அவர் விரிவாக எழுதுகிறார். பயணியின் சிறு செயலும் கப்பலில் உழைப்பவனின் வயிற்றைத் தொடும் என்பது அங்குப் புலனாகிறது. ஒருவன் பெறும் அமைதிக்கு வேறொருவன் விலை கொடுக்கிறான். துவைனின் நூலிலோ, கப்பலின் உலைக்குக் கரி அள்ளிப்போட்டவர்க்கு ஏறத்தாழ இடமேயில்லை.

இருவரையும் ஒன்றுசேர்க்கும் பண்பு ஒன்றுண்டு. கூட்டத்தைப் பழித்த இருவரும் தம்மை அக்கூட்டத்தினின்று விலக்கிக்கொள்ளவில்லை. துவைன் எள்ளும் பயணிகளுள் துவைனும் ஒருவர். மேல்தளத்தில் நின்று, கரையிறங்கும் திரளைக் கண்டு அருவருத்த வாலஸ், எத்துணை முயன்றாலும் தாமும் அத்திரளில் ஒருவரே என்று ஒப்புக்கொள்கிறார். வரிசை நீளமாக இருக்கிறதென்று குறைகூறுபவனும் அவ்வரிசையின் நீளத்தில் ஓர் அடி சேர்த்தவனே. இந்த நேர்மைதான் புலம்பலை இலக்கியமாக்குகிறது.

தளப் பயணிகளின் நினைவு

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வாசகர் இந்நூல்களைப் படிக்கையில் வேறொரு கப்பல் நினைவில் எழுவது இயல்பு. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’, தமிழகத் துறைகளுக்கும் பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் ஆகியவற்றுக்குமிடையே பல்லாண்டு ஓடியது. பின்னர் ஓடிய ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்குள்ளானது. அக்கப்பல்களில் எளியோர் தளப் பயணிகளாக நெருங்கிப் படுத்து வந்தனர். அக்கூட்டம் வறுமையும் தேவையும் கூட்டியது. உல்லாசக் கப்பலின் கூட்டம் விலைகொடுத்து வாங்கியது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. ஆயினும் பாட்டனார் தளத்தில் பாய் விரித்து வந்த அதே கடலில் பேரன் விடுமுறைக்குச் செல்கிறான். அவன் கட்டுரையில் அவ்விரு கப்பல்களும் சந்திக்குமாயின், அது வெறும் காட்சிப் பட்டியலாக நின்றுவிடாது.

நிறைவாக, அமைதியான அறையைத் தேர்ந்தெடுக்கக் கையேடு உதவும், அது வேண்டற்பாலதே. அறைக்கு வெளியே நிற்கும் மனிதரைக் காணத் துவைனும், அறைக்குள்ளே இரைச்சலிடும் மனத்தைக் காண வாலசும் உதவுவர். பயணக் கட்டுரை எழுதப் புகும் மாணவனிடம், “எங்கெங்குச் சென்றாய்?” என்பதோடு, “உன் அருகில் நின்றவர் யார்? அவர்க்கு நீ எவ்வாறு தோன்றியிருப்பாய்?” என்றும் ஆசிரியர் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன், கூட்டத்தை வெறுக்காமலும் அதனுள் தன்னை இழக்காமலும் எழுதக் கற்றுக்கொள்வான்.