சொன்ன கதைக்கு ஒரு ரசீது

தஞ்சாவூரில் உழவன் ரயிலேறி எழும்பூரில் இறங்கும் இளைஞரின் பையில் முழுத் திரைக்கதையே இருக்கலாம். வடபழனியிலோ வளசரவாக்கத்திலோ இருக்கும் சினிமா அலுவலகங்களில் அதை வாங்கிப் படிப்பவர்கள் மிகக் குறைவு. "ஒன்லைன் சொல்லுங்க" என்பார்கள். பிடித்துப்போனால் "உட்காருங்க, முழுசா சொல்லுங்க" என்பார்கள். ஹாலிவுட்டில் எழுத்தாளருக்காகப் பேச 10 சதவீதக் கமிஷனில் ஏஜென்ட் உண்டு. இங்கே கதவருகே நிற்பவர் ஹீரோவின் மேனேஜர். அவர் ஹீரோவுக்காக வேலை செய்பவர்.

கதை சொல்லி வாய்ப்புக் கேட்கும் இந்த வழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் அதன் பலத்தைப் பார்க்க வேண்டும். டெல்டாக்காரருக்கு இது அந்நியமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மராத்தியக் கீர்த்தன மரபை உள்வாங்கிக் கதாகாலட்சேபத்துக்குத் தமிழ் வடிவம் தந்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். உபகதையை எங்கே நுழைப்பது, எங்கே பாட்டை எடுப்பது, எங்கே ஒரு கணம் மௌனமாக இருப்பது என்பதையெல்லாம் எதிரே இருப்பவர்களின் முகம் பார்த்து முடிவுசெய்யும் கலை அது. ஒரே கதையைப் பத்து அலுவலகங்களில் சொன்ன உதவி இயக்குநருக்கும் அந்தப் பயிற்சி கிடைத்துவிடுகிறது. கேட்பவர் செல்போனை எடுக்கிற இடத்தில் காட்சி தளர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரத்தநாட்டுக்காரரான சற்குணத்தின் 'களவாணி' (2010) போன்ற படத்துக்கு உயிரே அந்த மண்ணின் பேச்சுதான். அந்தப் பேச்சு தாளில் தட்டையாகத் தெரியும். ஊர்க்காரர் வாயால் கேட்டால் எழுந்து நடக்கும். ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதத் தெரியாதவரும், ஆளைத் தெரியாதவரும் நுழையக்கூடிய வாசல் இது. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் இந்த வாசலில் குரல் வளமுள்ளவர் முதலில் போகிறார். எழுதத் தெரிந்து பேசத் தெரியாதவர் வெளியே நிற்கிறார். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலை அரை மணி நேரத்தில் ஒரு ஹீரோவுக்குச் சொல்லிப் பாருங்கள். கும்பகோணத்துப் பையன், இசை, தன்னைவிட வயதில் மூத்த பெண் மேல் காதல். அதற்கு மேல் நடப்பதெல்லாம் மனசுக்குள். இன்டர்வல் பிளாக் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? ஞான ராஜசேகரன் அதைப் படமாக்கியது 1995இல். நாவல் வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அடங்கிய தொனியில் எழுதப்பட்ட கதைகள் வாய்வழித் தேர்வில் தொடர்ந்து தோற்கின்றன. இந்த முறையால் நம் சினிமாவுக்கு நேரும் பெரிய இழப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

எழுத்தாளருக்கு நேரும் இழப்பு வேறு. சொன்ன கதைக்குச் சுவடே இல்லை. டெல்லி நாடகாசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் 1955இல் தன் நாடகத்தைத் திரைப்பட இயக்குநர் ஒருவருக்குப் படித்துக் காட்டினார். மறு ஆண்டு வந்த படத்தில் தன் கருவைக் கண்டு வழக்குப் போட்டார். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அவர் தோற்றார். 2018இல் 'சர்கார்' படத்தின் கதை பற்றிய விவகாரம் வேறு விதமாக முடிந்தது. 'செங்கோல்' என்ற தன் கதையை வருண் ராஜேந்திரன் 2007இலேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்திருந்தார். ஒற்றுமை இருப்பதாகச் சங்கம் சொன்னது, இயக்குநர் தரப்பு மறுத்தது. கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி அவருக்கு அங்கீகாரம் கிடைத்தது. இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல. ஆனால் வருணின் கையில் தேதியிட்ட தாள் இருந்தது.

ஏஜென்ட் வந்தால் எல்லாம் சரியாகும் என்பாரும் உண்டு. ஆனால் 2019 ஏப்ரலில் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் ஏஜென்ட்களை விலக்கினார்கள். எழுத்தாளருக்காகப் பேச வேண்டியவர்கள், ஆட்களை மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்து ஸ்டூடியோக்களிடமே கட்டணம் வாங்கியதுதான் காரணம். ஆகவே நடுவில் ஆள் இருந்தால் மட்டும் போதாது, அந்த ஆள் யாரிடம் கூலி வாங்குகிறார் என்பதும் முக்கியம். இன்று ஊரிலிருந்து கிளம்புகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: கதையை முழுதாக எழுதிப் பதிவுசெய்துவிட்டு வண்டி ஏறுங்கள். இரண்டு பக்கச் சுருக்கத்தைக் கையில் கொடுங்கள். சொல்லி முடித்த அன்றே, யாரிடம் எப்போது எந்தக் கதையைச் சொன்னீர்கள் என்று நன்றி கூறி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

தயாரிப்பு நிறுவனங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் விவசாயி படும் பாடு கொஞ்சமல்ல. மூட்டைகளோடு நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறார். ஆனாலும் அங்கே ஒரு கருவி வைத்துப் பார்க்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சொல்லித்தான் திருப்புகிறார்கள்; எடுத்துக்கொண்டால் ரசீது தருகிறார்கள். கதையைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு இந்த இரண்டில் ஒன்றாவது கிடைக்க வேண்டாமா? வந்த தாளைப் படிக்கவே சம்பளம் கொடுத்து ஒருவரை உட்கார வைத்து, வேண்டாம் என்றால் ஏன் என்று இரண்டு வரி எழுதித் தரச் சொல்லலாம். ஒரு நாள் படப்பிடிப்புச் செலவோடு ஒப்பிட்டால் அவர் சம்பளம் பெரிதல்ல. அந்த இரண்டு வரி கையில் இருந்தால், ராத்திரி வண்டியில் ஊர் திரும்புகிறவர் எந்தக் காட்சியைத் திருத்துவது என்று விழுப்புரம் தாண்டும்போதே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.