ஒலியொப்புமையும் சொல்லுறவும்: பாவாணரின் ஆய்வுமுறை குறித்த ஒரு மதிப்பீடு

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் அருகருகே வழங்குகின்றன. எட்டு என்னும் எண்ணைக் கன்னடர் 'எண்ட்டு' என்பர். ஆங்கிலத்தில் அது 'எயிட்'. செவிக்குத் தமிழ் வடிவம் கன்னடத்தைவிட ஆங்கிலத்துக்கே நெருங்கியதாகத் தோன்றும். இத்தோற்றத்தை எவ்வளவு நம்பலாம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தேவநேயப் பாவாணர் (1902–1981) தமிழைத் திராவிடத்துக்குத் தாயாகவும் ஆரியத்துக்கு மூலமாகவும் கொண்டார். 1966-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூலும் இக்கொள்கையை நிறுவ முயன்றது. இதன்படி ஆங்கிலச் சொற்களின் மூலமும் தமிழாதல் வேண்டும். தமிழ்ச் சொற்களை வேர்வழிக் குடும்பங்களாகத் தொகுத்துக் காட்டியதில் அவரது உழைப்பு போற்றத்தக்கது. ஆயின், அம்முறையைக் குடும்ப எல்லைக்கு அப்பால் செலுத்தும்போது ஒலியொப்புமையே சான்றாகிவிடுகிறது.

இவ்வகை ஒப்பீடுகளில் பரவலாகக் காட்டப்பெறும் 'எட்டு – எயிட்' இணையை எடுத்துக்கொள்ளலாம். எண்பது, எண்ணூறு ஆகிய வடிவங்களும் கன்னட 'எண்ட்டு'வும் தமிழ்ச் சொல்லின் பழைய வடிவில் மெல்லின மெய் இருந்ததைக் காட்டுகின்றன. 'எயிட்' என்பதன் பழைய ஆங்கில வடிவமோ 'எஅஹ்ட'. இலத்தீன் 'ஒக்தோ', வடமொழி 'அஷ்ட' ஆகியன அதன் இனச்சொற்கள். உறவுடைய சொற்கள் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்க வேண்டும், இவை விலகுகின்றன. ஆகவே இவ்வொப்புமை தற்செயலானது.

உண்மையான உறவுக்கு ஊர்ப்பெயரே சான்று தருகிறது. 'டவுன்' என்பதன் பழைய வடிவம் 'டூன்'. அடைப்பிடம் என்பது அதன் பொருள். செருமன் மொழியில் வேலியைக் குறிக்கும் 'த்சவுன்' அதன் இனச்சொல். ஆங்கில டகரத்துக்குச் செருமனில் 'த்ச' வருவது 'டென் – த்சேன்' (பத்து), 'டங் – த்சுங்க' (நாக்கு) என ஒழுங்காகத் தொடர்கிறது. 'ரிச்சர்ட்' பெயரின் முதற்கூறு ஆட்சியைக் குறிப்பது. இலத்தீன் 'ரேக்ஸ்', வடமொழி 'ராஜ' ஆகியவற்றின் வேரே அதற்கும் வேர். எனினும் ஏகாரம் ஈகாரமாதல் கெல்தியக் கிளையின் மாற்றமாதலின், செருமானியக் கிளை இதனைக் கெல்தியத்திலிருந்து கடன்பெற்றது என்பர். ஒரே குடும்பத்துள்ளும் மரபுச்சொல்லையும் கடன்சொல்லையும் பிரித்துக் காட்டுவது ஒலிவிதியே.

'கட்டுமரம்', 'சுருட்டு' ஆகியன ஆங்கிலத்துக்குக் கடனாகச் சென்றவை. இது தொடர்பு வரலாறேயன்றிப் பிறப்புறவு அன்று. பிறப்புறவு, கடன், தற்செயல் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தாத சொற்பிறப்பியல், மொழிபெயர்ப்பாளரைப் பொய்யான வேர்ப்பொருளுக்கு இட்டுச்செல்லும். தமிழின் தொன்மைக்கு 'எயிட்' சான்றாக வேண்டுவதில்லை. 'எண்ட்டு'வும் 'எண்பது'மே போதும்.