வாரத்தில் இரண்டு நாள் களம்

எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்தவர்களிடம் கல்லூரிக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வகுப்பறையை நினைவுகூர்பவர்கள் குறைவு. பேச்சு நேராக ஃபீல்டு வொர்க்குக்குப் போய்விடும். பெரும்பாலான கல்லூரிகளில் வாரம் இரண்டு நாள் அரசு மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி, தொண்டு நிறுவனம் என ஏதாவது ஓர் 'ஏஜென்சி'க்குப் போக வேண்டும். பார்த்ததையும் செய்ததையும் ரெக்கார்டில் எழுதித் தர வேண்டும். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு மாணவரை உட்காரவைத்துப் பேசுவார். 1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா பெயரில் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளி, 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று தொடங்கிய சென்னைப் பள்ளி ஆகியவற்றின் வழியில் வந்த மரபு இது. இந்தப் படிப்புக்கு மதிப்பு சேர்ப்பது களப்பணிதான். படிப்பு இடறுவதும் அங்கேதான்.

மதிப்பை முதலில் சொல்கிறேன். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதுபோல் இருக்கும், பலர் நிறுத்திவிடுவார்கள். புத்தகத்தில் படிக்கிற மாணவருக்கு இது நோயாளியின் அலட்சியம். வார்டில் நிற்பவருக்குத்தான் வேறொன்று புரியும்: மருந்து வாங்க வர வேண்டிய காலை நேரமும் சித்தாள் வேலைக்கு ஆள் எடுக்கிற நேரமும் ஒன்றுதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் மாத்திரை வாங்க முடியும். மருத்துவக் காப்பீட்டுக்கு வருமானச் சான்று கேட்டால் சொந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் போக வேண்டும். அதற்கு இன்னொரு நாள் கூலி. அதுவரை மதிப்பெண்ணை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை, அரசு நிர்வாகம் ஏழையின் நேரத்தை எப்படித் தின்கிறது என்று கண்ணால் பார்க்கிறது. மற்ற எந்த முதுகலைப் படிப்பும் இவ்வளவு கட்டாயமாக இதைக் கற்றுத் தருவதாகத் தெரியவில்லை.

கண்டதை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். கேஸ் வொர்க் என்ற முறைக்கு அடித்தளம் இட்ட மேரி ரிச்மண்டின் நூல் 1917இல் அமெரிக்க நகரங்களின் தரும அமைப்புகளை முன்வைத்து எழுதப்பட்டது. தனி ஆளையும் குடும்பத்தையும் ஆராய அது நல்ல கருவி. சாதியை ஆராய அதில் இடம் தேட வேண்டும். ரெக்கார்டில் சாதிக்கு ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பியதோடு சரி. குடிப்பழக்கம் உள்ள தூய்மைப் பணியாளர் ஒருவரை மாணவர் சந்திக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஆலோசனை வழங்கலாம், மனைவியிடம் பேசலாம், மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம். பாடத்திட்டப்படி எல்லாம் சரி. ஆனால் அவர் குடிப்பது சாக்கடையின் நாற்றத்தைத் தாங்க முடியாமல் என்றால்? பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறக்கிவிட்ட ஒப்பந்ததாரரைப் பற்றி யாரும் கேஸ் ரெக்கார்ட் எழுதுவதில்லை.

மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மக்களைத் திரட்டி மாற்றம் கேட்கும் சமூக நடவடிக்கை என்பது பாடத்திட்டத்தில் ஒரு முறையாகவே இருக்கிறது. தேர்வில் கேள்வியும் வரும். ஆனால் அதைச் செய்து பழகுவதற்குத் தொழிற்சங்கத்துக்கோ நிலத்துக்காகப் போராடும் குழுவுக்கோ மாணவரை அனுப்பும் துறைகள் அபூர்வம். ஏஜென்சி என்றால் பெரும்பாலும் நிதியுதவியில் ஓடும் தொண்டு நிறுவனம். அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும், கல்லூரிக்கு அந்த ஏஜென்சியின் தயவு வேண்டும். இந்தச் சங்கிலியில் கேள்வி கேட்கிற இடம் யாருக்கும் இல்லை. (இதே படிப்பில் மனிதவளப் பிரிவைத் தேர்ந்தெடுத்துத் தொழிற்சாலைக்குப் போகிறவர்களைக் கேலி செய்வது வழக்கம். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். உருப்படியான சம்பளம் அந்தப் பக்கம் இருந்தது, போனார்கள்.)

இன்னொரு குறை, மக்கள் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் கணக்கெடுப்புத் தாளோடு வரும் பிள்ளைகள் புதியவர்கள் அல்ல. ஜூலையில் வருவார்கள், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்பார்கள், விழிப்புணர்வு நாடகம் போடுவார்கள், தேர்வு வந்தால் போய்விடுவார்கள். அடுத்த ஜூலையில் வேறு முகம், அதே கேள்வி. போன அணி எழுதிய ரெக்கார்ட் மதிப்பெண் போட்டபின் அலமாரிக்குப் போயிருக்கும். பதில் சொல்லிச் சொல்லி அலுத்த அக்காவுக்கு அந்த மதிப்பெண்ணில் எந்தப் பங்கும் கிடையாது.

இதற்காகக் களப்பணியை நிறுத்தச் சொல்லவில்லை. நாட்களைக் கூட்டச் சொல்வதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு துறை ஒரே பகுதியைப் பத்தாண்டுக்குப் பொறுப்பேற்கட்டும். ஒவ்வோர் அணியும் பட்டா மனு எங்கே நிற்கிறது, எந்தப் பிள்ளை பள்ளியை விட்டது என்பதை அடுத்த அணியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். ஆண்டு இறுதியில் பகுதி மக்கள் கூடி மாணவர்களைப் பற்றிச் சொல்வதற்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு இருக்கட்டும். அப்படி நடந்தால் ஒப்பந்ததாரர்களின் பெயரும் ரெக்கார்டில் ஏறத் தொடங்கும். அடுத்த ஆண்டு மாணவர்களே வேண்டாம் என்று ஏஜென்சி கடிதம் எழுதவும் கூடும். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளத் துணியும் துறைத்தலைவர்கள் எத்தனை பேர் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.